எழுத்தேறாத அடுக்களை
பேராக் தோட்டத் தமிழர் உணவும் அதனைப் பதிந்தோரும்

சங்க நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை இரண்டு அடுக்களைகளை நம் கண்முன் நிறுத்துகின்றது. ஒன்று ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை அட்டில். மற்றொன்று, அவனை நாடிச் செல்லும் பாணன் பின்னே விட்டுவந்த வறிய வீட்டின் அடுப்படி. அரண்மனையில் ஆக்கிய பல்வகை அடிசிலும் வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாதவை என்கின்றார் நல்லூர் நத்தத்தனார். வறிய வீட்டிலோ, பசியால் நலிந்த பெண், குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, புறங்கூறுவார் கண்ணிற் படாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு பகுத்துண்கின்றாள். முன்னைய அடுக்களைக்கு நூல் இருந்தது. பின்னையதற்கு நூல் இல்லை. புலவர் ஒருவரின் நெஞ்சைத் தொட்டமையால் அந்தக் கீரை மட்டும் நிலைத்து நின்றது. அதுபோல் புலவர் கண்ணிற் படாது போன கீரைகள் எத்தனையோ!

தமிழர் உணவு வரலாற்றை எழுதப் புகுவார் யாவரும் இவ்விடத்தில் இடர்ப்படுவர். செல்வர் உண்டதற்குச் சான்று உண்டு. கோயில் மடைப்பள்ளியில் படைத்ததற்குக் கல்வெட்டு உண்டு. உழைத்து உண்டவர் என்ன உண்டார், எவ்வாறு ஆக்கினார் என்பதற்கோ சான்று அரிது. இவ்வுண்மையை நன்கு விளக்குவது மலேசியாவின் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாறு. அங்குத் தமிழரின் அடுப்பு நூறாண்டுக்கு மேல் எரிந்தது. அந்த அடுப்படியிலிருந்து ஒரு சமையற் பதிவு உலகோர் பலரும் காண வெளிவந்ததோ 2020-ஆம் ஆண்டில்தான். அப்பொழுதும் அது ஏட்டில் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

பேராக்கிற்குத் தமிழ்த் தொழிலாளரை முதலில் ஈர்த்தது இரப்பர் அன்று. கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களும் பிற இடங்களின் காப்பித் தோட்டங்களுமே முந்தியவை. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த இரப்பர்க் கன்றுகளுட் சில, பேராக்கின் ஆங்கில ஆட்சியாளராயிருந்த ஹியூ லோ என்பவரால் கோலகங்சாரில் நடப்பெற்றன. அக்காலத்தைச் சேர்ந்த முதுமரம் ஒன்று அவ்வூரில் இன்றும் காட்டப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உந்து வண்டிகள் பெருகி இரப்பரின் விலை ஏறவே, காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. கங்காணிமார் தத்தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்த பின்னும் கங்காணி முறை நீடித்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பின்னரே அது நின்றது.

திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இருபுறமும் குடியமர்ந்தனர். தாயகத்தில் ஒருவர் வீட்டுக் குழம்பை மற்றவர் சுவைத்திருக்க வழியில்லை. இங்கோ தண்ணீர்க் குழாய் ஒன்று. ஆயாக் கொட்டகை ஒன்று. அரிசி கொடுக்கும் கிடங்கும் ஒன்று. தமிழ்நாட்டின் பல வட்டாரச் சமையல் ஒன்றோடொன்று கலந்தது நகரத்து உணவகங்களில் என்று பலர் எண்ணுவர். அதற்கு முன்பே தோட்டத்து லயங்களில் அக்கலப்பு நிகழ்ந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்களுக்குத் தாயகத்தில் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச் சோறுமே. நெல்லரிசிச் சோறு நல்ல நாளுக்கு உரியது. தோட்டத்திலோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசியே நாடோறும் உலையில் விழுந்தது. அதனை வளம் என்று சொல்லிவிடலாகாது. அந்த அரிசியைத் தோட்ட நிருவாகமே தருவித்துக் கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. களத்து நெல்லை அளந்து உண்டவன் கிராணியின் கணக்குப் புத்தகத்தை நம்பி உண்பவன் ஆனான். முதல் உலகப் போரின் இறுதியில் கடல் கடந்து வரும் அரிசிக்கு முட்டுப்பாடு நேர்ந்து, அது 1921 வரை நீடித்தபோது, அந்நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது விளங்கிற்று.

தோட்டத்து அடுப்படியின் காலக்கணக்கை வகுத்தது மனிதர் அல்லர், மரமே. பால்மரத்தின் பட்டையைச் சீவினால் பால் நன்கு வடிவது கதிரவன் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையில்தான். அப்பொழுதுதான் பட்டையினுள் உள்ள பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து அவ்வழுத்தம் குறையும். மங்கில் விழும் சொட்டும் குறையும். ஆதலின் விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்னே அடுப்பு எரிய வேண்டும். ஆணும் பெண்ணும் பால்வெட்டப் போனமையால், முந்திய இரவின் சோற்றில் நீரூற்றி வைத்த பழையதும், அம்மியில் அரைத்த துவையலும், சுட்ட கருவாடும் தோட்டத்தின் தலையான உணவாயின. காலையுணவைப் 'பசியாறுதல்' என்று சொல்லும் வழக்கு மலேசியத் தமிழரிடையே இன்றும் உண்டு. சிற்றுண்டி என்னும் சொல்லினும் இது உண்மைக்கு நெருங்கியது எனலாம். நெடுநேரம் உழைத்த பின் வந்த உணவு அது, சிறிதாக இருந்திருக்கலாம், 'சிற்றுண்டி' ஆக இருந்ததில்லை.

மண்ணும் தன் பங்கிற்குக் கொடுத்தது. லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் மரவள்ளியும் வளர்ந்தன. மலாய் மக்களிடமிருந்து நெத்திலிச் சம்பலும் பிளாச்சானும் செராய்ப் புல்லும் வந்து சேர்ந்தன. தேங்காய் அங்குத் தட்டுப்பாடின்றிக் கிடைத்தமையால் குழம்பில் தேங்காய்ப்பால் மிகுந்தது. மசாலையில் புரட்டி நீர் வற்ற வதக்கிய இறைச்சிக்குப் 'பிரட்டல்' என்னும் பெயர் நிலைத்து, இன்று மலேசியாவின் வாழையிலைச் சோற்றுக் கடைகளில் அதுவே முதன்மையான கறியாக விளங்குகின்றது.

இவ்வளவும் நிகழ்ந்தும் எவரேனும் இவற்றை எழுதி வைத்தனரா? எழுதினர், ஆயின் எழுதியவர் சமைத்தவர் அல்லர், உண்டவரும் அல்லர். 1920களில், இந்தியத் தொழிலாளருக்குரிய கூலியை வரையறுக்கும் பொருட்டு, ஒரு தொழிலாளியின் மாதச் செலவு இவ்வளவு என்று மலாயாவின் அரசாங்கம் கணக்கெடுத்தது. அரிசி முதல் மிளகாய், மல்லி, புளி போன்ற கறிச்சரக்கு வரை அளவும் விலையும் இட்டு வரிசைப்படுத்திய பட்டியல் அது. அதன்மேல் எழுந்த கூலி, 1928-ஆம் ஆண்டளவில், போக்குவரத்து எளிய பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்டிர்க்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930-இல் அது 40, 32 எனக் குறைந்தது. தோட்டத்து அடுக்களையைப் பற்றி அரசின் ஏடுகளிற் காணப்படும் முற்பட்ட குறிப்புகளுள் இதுவும் ஒன்று. ஒருவன் உயிர் வாழ எத்தனை கட்டி அரிசி போதும் என்பதை அது சொல்லும். அவ்வரிசியை அவன் மனைவி எவ்வாறு சுவையுடையதாக்கினாள் என்பதைச் சொல்லாது. பெண்டிர்க்கு எட்டுப் பத்துக் காசு குறைத்துக் கணக்கிட்டவர்கள், வீடு திரும்பிய பின் அவர்கள் அடுப்படியில் செய்த வேலையை எந்தப் பத்தியிலும் சேர்க்கவில்லை.

1941 திசம்பரின் இறுதியில் சப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்கே சோறாகவும் மாவாகவும் அப்பமாகவும் இருந்தது. சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மீளவில்லை, அத்துயரை அ. இரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்னும் நாவலாக எழுதினார். மரவள்ளியை அக்காலத்து முதியோர் பலர் பிற்காலத்தில் தொடவும் விரும்பவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் அதனையே மாலைப் பலகாரமாக விரும்பி உண்கின்றனர்.

போர் முடிந்தும் அடுப்படிக்கு அமைதி வரவில்லை. 1948 சூன் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே அரசின் தலையாய போர்முறை ஆயிற்று. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கடையில் தகரத்தில் அடைத்த உணவை வாங்குவோர் அதனைத் துளையிட்டே பெற வேண்டியதாயிற்று. துளையிட்ட தகரம் நெடுநாள் தாங்காதன்றோ! வேலைக்குச் செல்வோர் வாயிலிற் சோதிக்கப்பட்டனர். உணவை வெளியே கொண்டுசெல்லலாகாது. 1950களின் பிற்பகுதியில் பேராக்கின் சில பகுதிகளில் இந்நடவடிக்கை இன்னும் ஒரு படி மேற்சென்றது. பச்சரிசியோ புழுங்கலரிசியோ எந்த வீட்டிலும் இருத்தல் கூடாது. பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றையே வாங்கிச் செல்ல வேண்டும் என்று விதித்தனர். அரிசியைப் பதுக்கலாம், சோறு ஒரு நாளில் ஊசிப்போகும். போர்க்கலை நோக்கில் இது கூரிய சூழ்ச்சியே. ஆயின், உலை வைத்து அரிசி களைந்து இடும் உரிமையே ஒரு தமிழ்ப் பெண்ணின் கையிலிருந்து பறிபோன நாள்களும் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவசரகால வரலாற்று நூல்களில் இந்நடவடிக்கை ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றது. அந்தச் சோறு குழைந்திருந்ததா, விரைத்திருந்ததா என்று கேட்டெழுதியவர் அரியர்.

அதே 1950களில் தாயகத்தில் தமிழ்ச் சமையல் எழுத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1951-இல் சென்னையில் 'சமைத்துப் பார்' என்னும் நூலின் முதற்பாகம் வெளிவந்தது. அதனை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் 1905-இல் பிறந்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். சமையலில் அவர் கைத்திறனை அறிந்த உறவினர் பலர், இதனை எவ்வாறு செய்வது, அதனை எவ்வாறு செய்வது என்று மடல் எழுதிக் கேட்டவண்ணம் இருந்தனர். தனித்தனியே விடையெழுதுவதினும் நூலாக எழுதிவிடலாமே என்று ஊக்கியவர் அவர்தம் உறவினரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். மூன்று பாகங்களாக விரிந்த அந்நூல் 1968-இல் ஆங்கிலத்திலும் வந்தது. மீனாட்சி அம்மாள் 1962-லேயே காலமாகிவிட்டார்.

அவருக்கு முன்னும் தமிழில் பாக சாத்திர நூல்கள் அச்சேறியிருந்தன. எனினும் மீனாட்சி அம்மாளின் நூல் தனி இடம் பெற்றதற்குக் காரணம் உண்டு. அருகில் தாயோ மாமியாரோ இல்லாத ஒரு பெண், நூலை மட்டும் துணைக்கொண்டு அடுப்பின் முன் நிற்கின்றாள் என்று கருதியே அவர் எழுதினார். ஆழாக்கு, பலம் என்று அளவு சொன்னார். இன்னது சிவந்த பின் இன்னதை இடுக என்று முறை சொன்னார். அதுவரை கண்ணும் கையும் மூக்கும் அறிந்திருந்ததை எழுத்துக்குக் கொண்டுவருதல் எளிய செயல் அன்று. இலக்கணம் வகுத்தலை ஒத்தது அது. வேலை காரணமாகத் தொலைவூர் சென்ற குடும்பங்கள் பெருகிய காலம் அதுவாதலின், மணமகளின் பெட்டியில் அந்நூலும் ஓர் இடம் பெற்றது.

ஆயினும் அந்நூலின் அடுக்களை பேராக்கின் லயத்து அடுக்களை அன்று. அந்தண இல்லத்து மரக்கறிச் சமையலையே அது விளக்கியது. தாம் அறிந்ததை எழுதினார் அவர். அதில் குற்றம் காண்பது முறையன்று. மடல் எழுதிக் கேட்கும் உறவினரும், எழுதுக என்று தூண்டும் வழக்கறிஞரும், அச்சிடும் வாய்ப்பும் அவருக்கு இருந்தன. தோட்டத்துப் பெண்ணுக்கு எது இருந்தது? விடியுமுன் எழுந்தவளுக்கு ஏடெடுக்க நேரமில்லை. பலருக்கு எழுத்தே வாய்க்கவில்லை. அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள வந்தவரும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்கள் எழுதினர். மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் பெரிதும் அவர்கள் கையில்தான் வளர்ந்தன. அவர்தம் கதைகளில் பசி உண்டு, கள்ளுக்கடை உண்டு, கங்காணியின் கொடுமை உண்டு. குழம்பு எப்படிக் கூட்டினர் என்பது அரிதாகவே உண்டு. அடுப்படி இலக்கியத்திற்குரிய பொருள் என்று அந்நாளில் கருதப்படவில்லை போலும். பிற்காலத்தில் சிங்கப்பூரில் தேவகி சண்முகம் போன்றோர் சமையல் நூல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்பெற்றனர். தோட்டத்து அடுப்படி அப்பொழுதும் தன் வாயால் பேசவில்லை.

இதற்குள் தோட்டங்களே உருக்குலையத் தொடங்கின. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டாடி விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் அறிக்கை எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தது இதற்கு எழுந்த பெரும் மறுமொழி. எனினும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர்.

நகரம் சில உணவுகளுக்கு வாழ்வளித்தது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் முறுக்கும் வறுத்த கடலையும் பயறும் செய்து விற்கும் தமிழ்க் குடும்பங்களால், அவ்விடத்திற்குக் 'கச்சாங் பூத்தே' சிற்றூர் என்ற பெயரே வந்துவிட்டது. மலாய் மொழியில் அதற்கு வெண்கடலை என்று பொருள். செய்தவர் தமிழர், பெயர் மலாய். இது வியப்புக்குரியதன்று. கறியும் ஆப்பமும் புட்டும் தோசையும் மலாய் மொழிக்குச் சென்று அங்கே குடியேறியுள்ளன. கொடுத்த இடத்தில் கொள்ளலும் உண்டு.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே பவித்ரா என்பவரின் செயலை நோக்குதல் வேண்டும். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த இளம் தாய் அவர். கணவர் தோட்டத் தொழிலாளி. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணவர் பெயரையும் தம் பெயரையும் இணைத்து 'சுகு பவித்ரா' என்னும் பெயரில், தாம் சமைப்பதைக் கைபேசியில் படம்பிடித்து யூடியூபில் வெளியிடலானார். படப்பிடிப்புக் கூடம் இல்லை. அழகுபடுத்திய மேடை இல்லை. எளிய வீட்டின் அடுப்படியே களம். அவ்வாண்டு மார்ச்சு 18-ஆம் நாள் கொள்ளைநோய் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாடு நாடெங்கும் வந்தது. மக்கள் வீட்டிலிருந்து சமைக்கத் தலைப்பட்டனர். சில திங்களுக்குள் அவருடைய பதிவுகளைப் பல நூறாயிரவர் தொடர்ந்து காணலாயினர். அவ்வாண்டிலேயே ஈப்போ மாநகர மன்றம் அவரை மாநகரின் சின்னமாகத் தேர்ந்து சிறப்பித்தது.

இவருடைய வெற்றிக்குக் காரணம் யாது? சமையல் பக்குவம் மட்டும் என்று சொல்வதற்கில்லை. அவர் பேசிய மலாய் மொழியின் தெளிவே கண்டோரை முதலில் கவர்ந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி பிழையற்ற இனிய மலாயில், பணிவோடு, தன் வீட்டுக் கறியை விளக்குகின்றாள் என்பதே மலாய் மக்கள் அவரைத் தம் வீட்டுப் பெண்போல் கொண்டாடக் காரணமாயிற்று. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. தம் அயலவருக்குப் புரியும் மொழியில் பேசிய அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மடல் எழுதிக் கேட்ட உறவினருக்காக மீனாட்சி அம்மாள் தமிழில் எழுதினார். வீட்டில் அடைபட்டிருந்த அண்டை அயலாருக்காகப் பவித்ரா மலாயில் பேசினார். இருவரும் தம்மைச் சூழ்ந்திருந்தோர்க்கே சொன்னார்கள்.

எனினும் தமிழாசிரியர் ஒருவர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணாமல் இருக்கவியலாது. பசியாறுதல், பிரட்டல், மங்கு, பெரட்டு என்று தோட்டத்தில் விளைந்த சொற்கள் ஒரு வாழ்க்கையோடு பிறந்தவை. அவ்வாழ்க்கையின் அடுப்படி கடைசியில் வாய்திறந்தபோது, கேட்கக் காத்திருந்தோரில் பெரும்பாலோர் தமிழறியாதவர். தமிழில் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவே இல்லை.

அளவு என்னும் சிறு செய்தி ஒன்றும் உண்டு. 'சமைத்துப் பார்' நூலின் ஆழாக்கும் பலமும், இந்தியாவில் மெட்ரிக் அளவை வந்த பிறகு, இளையோர்க்கு விளக்கம் வேண்டும் சொற்களாகிவிட்டன. பேராக்கின் லயங்களில் இருந்த அளவை வேறு: கட்டிப்பால் வந்த தகரக் குவளை. பால் தீர்ந்ததும் அதனைக் கழுவி அரிசிப் பானையில் இடுவர். இத்தனை பேருக்கு இத்தனை டின் அரிசி என்பதே கணக்கு. அந்த அளவை எந்தத் தமிழ்ச் சமையல் நூலிலும் இடம்பெறுவது அரிது. 1957-இல் பொதுச் சமையற்கூடத்துச் சோற்றுக்கு வரிசையில் நின்ற இருபது வயதுப் பெண் ஒருவர் இன்று இருப்பாராயின், அவருக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். அந்த டின் கணக்கு அவர் கைக்குத் தெரியும்.